மார்பக நலம்: குசினியில் எது, கிளினிக்கில் எது

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1979 உயர்தர உயிரியல் வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



ஒவ்வொரு வகுப்பும் ஒரு நிகழ்ச்சி தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, எங்களுக்குள் முதலில் வந்த யோசனை கோலாட்டம். முழங்கால்களின் நிலைமையை முன்னிட்டு அது கைவிடப்பட்டது. பிறகுதான் ரொறன்ரோவில் இருக்கும் ஒருத்தி, "நாங்கள் ஒருநாளும் கதைக்காத விசயம் ஒண்டைப் பற்றிக் கதைச்சால் என்ன?" என்று கேட்டாள். எது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேர். அதில் இரண்டு பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒருத்தி இன்றைக்கு இல்லை. மற்றவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கோ என்று அனுமதி தந்தவளும் அவள்தான்.

எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் மருத்துவர்களானோம், மூன்று பேர் தாதியரானோம், ஒருத்தி குடும்பநல உத்தியோகத்தராகி ஓய்வு பெற்றாள். மற்றவர்கள் ஆசிரியர்கள், வங்கிக்காரர், வீட்டோடு இருந்தவர்கள். இந்தப் பேச்சை எல்லோரும் சேர்ந்தே எழுதினோம். அதனால் சில இடங்களில் வைத்தியம் மணக்கும், சில இடங்களில் கறி மணக்கும்.

முதலில் பழைய கதை. நாங்கள் பெரிய பிள்ளையானபோது வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்த உருண்டை. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். நல்லெண்ணெயில் பொரித்த கத்தரிக்காய். உழுத்தம்மாக் களி, அதற்குள் பனங்கட்டி. அம்மம்மாமார் எங்களைச் சுற்றி நின்று ஊட்டினார்கள். பிள்ளைப்பெற்ற வீட்டிலும் அப்படித்தான்: காயச்சரக்கு, பாற்சுறா வறை, முருங்கையிலை, உள்ளி. பெண்ணின் உடம்புக்கு எந்த நேரத்தில் எது கொடுக்கவேண்டும் என்று ஒரு பெரிய அறிவு எங்கள் குசினிகளில் இருந்தது. ஆனால் அந்த உடம்பைப் பற்றி ஒரு சொல் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நெஞ்சைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த ஒரே பாடம், மூடு என்பது. உயிரியல் வகுப்பில்கூட இனப்பெருக்க அத்தியாயம் வந்தபோது, "இதை நீங்களே வீட்டில வாசியுங்கோ" என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போனோம். படிப்பித்த மிஸ்ஸைக் குறை சொல்லவில்லை. அவவுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டினம்.

இனி எங்கள் இரண்டு தோழிகளின் கதை.

முதலாமவள் 2007 இல் தன் கட்டியைக் கண்டுபிடித்தாள். வயது 46. அவள் ஒளிக்கவில்லை. அடுத்த கிழமையே வைத்தியரிடம் போனாள். சத்திரசிகிச்சையும் யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. ஆனால் கதிர்ச்சிகிச்சைக்கு மகரகமவுக்குப் போகவேண்டும். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். விமானத்துக்குக் காசு வேண்டும், கப்பலுக்கு இடம் வேண்டும், இரண்டுக்கும் அனுமதி வேண்டும். காங்கேசன்துறையில் கப்பலேறி, திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. கதிர்ச்சிகிச்சை என்பது ஒருநாள் வேலை அல்ல. கிழமைக்கு ஐந்து நாளாக, பல கிழமைகள் தொடர்ந்து எடுக்கவேண்டியது. தங்குவதற்கு அறை, அறைக்குப் பொலிஸ் பதிவு, ஊரில் ஓ.எல். படிக்கும் பிள்ளை, தொலைபேசியில் தினமும் ஒரு செய்தி. பாதியில் திரும்பி வந்துவிட்டாள். 2009 இல் போனாள். அந்தச் செத்தவீட்டுக்கு எங்களில் நாலு பேர்தான் போக முடிந்தது.

அவளுக்கு வழி இருக்கவில்லை. நாங்கள் இத்தனை வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தோம், அது உண்மையும்தான்.

பிறகு வழி திறந்தது. 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்தார்கள். 'ட்ரெயில்' என்று பெயர். நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கிய நடை அது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடந்தார்கள். சேர்ந்த காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழுந்தது. 2013 இல் திறந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய தூரம். இதைப் படிக்கும் வெளிநாட்டுத் தங்கைமாரில் பலரும் அதற்குக் காசு அனுப்பியிருப்பீர்கள்.

எங்கள் இரண்டாவது தோழி 2014 இல் தன் கட்டியைக் கண்டாள். வயது 53. தெல்லிப்பழை அவள் வீட்டிலிருந்து ஏழு கிலோமீற்றர். அவள் அங்கே போய்ச் சேர எடுத்த காலம் பதினொரு மாதம்.

அந்தப் பதினொரு மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை. அதுதான் இந்தப் பேச்சின் காரணம். மிகவும் பிரயாசைப்பட்டுத் தன்னைக் கவனித்துக்கொண்டாள். மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டாள். நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவினாள். காலையில் வெறுவயிற்றில் வல்லாரைச் சாறு. சீனியை விட்டாள், பிறகு பாலை விட்டாள், பிறகு சோற்றை விட்டாள். உடம்பு மெலிந்தபோது மருந்து வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டாள். கட்டி நோகவில்லை. நோகாத கட்டி ஆபத்தில்லை என்று எங்கேயோ கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு நாட்டு வைத்தியரிடம் போனாள். அந்த வயதுபோன மனிசன் நாடியைப் பிடித்துவிட்டு, விசயத்தைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, இது என்னட்டை வாற வருத்தம் இல்லை. இண்டைக்கே தெல்லிப்பழைக்குப் போ" என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு எங்கள் வகுப்பு கடமைப்பட்டிருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒளிப்புத் தீரவில்லை. மருந்தேற்றும் காலத்தில் அயலட்டையில் யாராவது, "எங்கை போட்டு வாறியள்?" என்று கேட்டால், "தெல்லிப்பழைக்கு" என்பாள். "துர்க்கையம்மனுக்கோ?" என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். அவளும் ஓம் என்பாள். ஒரே ஊரில் கோயிலும் வைத்தியசாலையும் இருந்தது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை எங்களில் ஒருத்தி உண்மையாகவே தேசிக்காய் விளக்குப் போடப் போன இடத்தில், தலையை முக்காடிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவளைக் கண்டாள். "என்னடி, மொட்டை போட்டனியோ?" என்று கேட்டிருக்கிறாள். தோழி அழத் தொடங்கினாள். அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

அவள் பிழைத்தாள். ஆனால் கட்டி பெரிதாகி, கமக்கட்டு நிணநீர்க் கணுக்களுக்கும் போயிருந்தது. மார்பகம் முழுவதையும் எடுக்கவேண்டி வந்தது. வலது கை வீங்கும். இன்றைக்கும் அந்தக் கையால் தேங்காய் துருவமாட்டாள். ஒரு கிழமையில் போயிருந்தால் சின்னச் சத்திரசிகிச்சையோடு முடிந்திருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். அதை நாங்கள் அவளுக்குச் சொல்லிக்காட்டுவதில்லை. அவளே உங்களுக்குச் சொல்லச் சொன்னாள்.

ஆகவே குசினி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துச் சொல்கிறோம்.

குசினி பல நல்ல காரியம் செய்யும். மாதவிடாய் நின்ற பிறகு எங்கள் உடம்பில் ஈஸ்ட்ரஜன் பெரும்பாலும் கொழுப்பிலிருந்துதான் உண்டாகிறது. அதனால் அந்த வயதில் கூடுகிற எடை மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பையும் கூட்டுகிறது. எங்கள் பழைய சாப்பாடு எடையைக் கட்டுக்குள் வைக்கக்கூடிய சாப்பாடு. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு கொஞ்சம், கீரை நிறைய. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை என்று கிழமைக்கு ஏழு இலை மாற்றிச் சமைக்கலாம். குரக்கன் புட்டு. பயறு. சின்ன மீன். ஒடியற்கூழை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒடியல் மாவின் நார், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, மீன், நண்டு, றால் எல்லாம் ஒரு பிளாவுக்குள். அதை மிஞ்சிய ஒரு சமச்சீர் உணவை எங்கள் தாதியர் எந்த நாட்டு வைத்தியசாலையிலும் காணவில்லை. (உப்பைக் குறைத்தால்.) உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. மூன்று கறியும் ஒரு வறையும் ஒரு சம்பலும் வைத்த அம்மாமாருக்கு அது ஒரு பாரமில்லை. கிழமைக்கு 150 நிமிட நடை என்பதும் அவர்களுக்குச் சிரிப்பு வரும் கணக்கு. கிணற்றில் தண்ணீர் அள்ளி, சந்தைக்கு நடந்து, உரலில் இடித்தவர்கள். மோட்டரும் கிரைண்டரும் ஸ்கூட்டியும் வந்த பிறகு அந்த நடையை நாங்கள்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுத் தங்கைமாருக்கு ஒரு சொல். மதுவகை எதுவானாலும், கொஞ்சமானாலும், இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டும். இதயத்துக்கு நல்லது என்று சொல்லி ஊற்றித் தரும் சிவப்பு வைனும் அதற்குள் அடக்கம்.

பாலூட்டுதல் நன்மை செய்கிறது. 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது. நல்ல செய்திதான். ஆனால் எங்கள் இரண்டு தோழிகளும் பாலூட்டியவர்கள், ஒருத்தி மூன்று பிள்ளைக்கு. வாய்ப்புக் குறையும் என்பது வராது என்பதல்ல. மறுபக்கத்தில், பிள்ளை பெறாத பெண்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூட. இத்தாலிய வைத்தியர் ரமசீனி 1713 அளவிலேயே கன்னியாஸ்திரிகளிடம் இதைக் கவனித்து எழுதினார். எங்களை ஆளாக்கிய மிஸ்மாரில் பலர் கல்யாணம் கட்டாமல் பள்ளிக்கூடத்துக்கே வாழ்ந்தவர்கள். தனியே இருக்கும் அவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு மகள் இல்லை. அந்த வேலை எங்களுடையது.

இனி, குசினி செய்யாதது. வந்துவிட்ட கட்டியை எந்தக் கீரையும் கரைக்காது. மஞ்சள் நல்ல சரக்கு, ஆனால் கறியில் போடுகிற மஞ்சளில் மிகக் கொஞ்சம்தான் இரத்தத்தில் சேர்கிறது. பத்துப் போட்டால் தோல் மஞ்சளாகும், அவ்வளவுதான். சோயா ஆகாது என்ற பயமும் வேண்டாம், சோயா மீற் கறியாகச் சாப்பிடுவதில் தீங்கில்லை. செறிவாக்கிய குளிசையாக எடுப்பதுதான் வேறு விசயம். சிகிச்சை நடக்கும்போது எந்த மூலிகைக் குளிசையையும், கசாயத்தையும் வைத்தியரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள், சில மருந்துகளோடு மோதும். சிகிச்சைக் காலம் சாப்பாட்டைக் குறைக்கும் காலமும் அல்ல. அவித்த முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடவேண்டும். எங்கள் தோழி மருந்தேற்றிய வருடமும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் தண்ணீரோடு இருப்பேன் என்று நின்றாள். ஒரு முழு இரவு தொலைபேசியில் சண்டை பிடித்தோம். கடைசியில் முருகனுக்கு நேர்த்தியை ஒத்திவைக்க உடன்பட்டாள். முருகன் ஒன்றும் கோபிக்கவில்லை.

இனிக் கை செய்கிற வேலை. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்த காலத்தில் எங்கள் உடம்பை நாங்களே பார்த்ததில்லை. இப்போது கதவு பூட்டிய குளியலறை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. மாதவிடாய் தொடங்கி ஒரு கிழமை கழித்து, நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு குறித்த திகதியில், கண்ணாடிக்கு முன் நின்று கையைத் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். பிறகு சவர்க்காரக் கையோடு, நடுவிலுள்ள மூன்று விரல்களின் தட்டையான பகுதியால், காறை எலும்பிலிருந்து மார்பின் அடிவரைக்கும், கமக்கட்டையும் சேர்த்து, வட்டமாக அழுத்திக்கொண்டு போங்கள். கட்டி, தடிப்பு, தோடம்பழத் தோல் போலக் குழிவிழுந்த தோல், புதிதாக உள்ளே இழுபட்ட முலைக்காம்பு, அதிலிருந்து இரத்தம் அல்லது நீர், ஆறாத சொறி, ஒரு பக்கம் மட்டும் மாறிய உருவம். இவற்றில் ஒன்றைக் கண்டால் போகவேண்டும். நோகிறதா இல்லையா என்பது கணக்கில்லை. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்து ஞாபகம் வையுங்கள். போவது பெரும்பாலும் நிம்மதியோடு திரும்பி வருவதற்குத்தான்.

எங்கள் மருத்துவர்கள் இரண்டு பேரும் இங்கே ஒரு உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். சீனாவின் ஷாங்காய் நகரில் ஆலைப் பெண்கள் ஏறத்தாழ 2,66,000 பேரை வைத்து நடத்திய ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணம் குறையவில்லை என்று 2002 இல் தெரிந்தது. ஆனால் மும்பாயில் டாட்டா நினைவு வைத்தியசாலை ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது வருடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தபோது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் வந்த மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 2021 இல் வெளிவந்த முடிவு அது. எங்கள் விரல் எங்களுக்கு உடம்பைப் பழக்கித் தரும். பழகிய கையுள்ள இன்னொருத்தியின் விரலும் வேண்டும் என்பதே இதன் அர்த்தம்.

அந்தக் கை எங்கள் ஊரில் இலவசமாக இருக்கிறது. சுகவனிதையர் கிளினிக் என்ற பெயரில் 1996 இலிருந்து இலங்கை முழுவதும் நடக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் நாளைச் சொல்வார்கள். 35 வயதானவர்களை முக்கியமாகக் கூப்பிடுவார்கள், மற்றவர்களும் போகலாம். மார்பகம், கருப்பைக் கழுத்து, பிரஷர், சீனி எல்லாம் ஒரே நாளில் பார்ப்பார்கள். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் பல வருடம் இந்தக் கிளினிக்கில் நின்றவள். அவளுடைய முறைப்பாடு இது: "வேலையில்லாத பொம்பிளையள் வருவினம். ரீச்சர்மார்தான் வரமாட்டினம். தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம் எண்டு வெட்கம்." இந்த மண்டபத்தில் பாதிப்பேர் ரீச்சர்மார்.

கட்டி இருந்தால் மூன்று படி: வைத்தியர் தொட்டுப் பார்ப்பது, ஸ்கான் அல்லது மமோகிராம், ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது. ஊசி குத்தினால் பரவும் என்று சொல்லும் மாமிமாரை நம்பவேண்டாம். அறிகுறியோடு வைத்தியரிடம் போன நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிப்படுத்தி முடிக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. பதினொரு மாதம் என்பது ஏறத்தாழ 330 நாள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னும் வசதி. பிரித்தானியாவில் 50 வயதிலிருந்து 71 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். ஒன்ராறியோவில் 50 முதல் 74 வரை, 2024 ஒக்டோபரிலிருந்து 40 வயதுக்காரரும் தாங்களாகவே பதியலாம். ஆஸ்திரேலியாவில் 40 வயதிலிருந்து இலவசம். லண்டனில் இருக்கும் எங்கள் ஒருத்தி மூன்று கடிதத்தையும் திறக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தாள், பொங்கல் வாழ்த்துக்குப் பக்கத்தில். இந்தப் பேச்சை எழுதத் தொடங்கிய பிறகு போய்வந்தாள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

அம்மாவுக்கோ சகோதரிக்கோ இந்த நோய் வந்திருந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். குடும்ப வழியாக மரபணுவில் வருவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த ஒன்று கலியாணப் பேச்சைக் குழப்பும் என்று ஒளித்து, மகளுக்கே தெரியாமல் வைத்திருக்கும் வீடுகளை நாங்கள் அறிவோம். சாதகத்தில் செவ்வாயைத் தேடுகிறவர்கள் அந்த மகளுக்கு இதையும் சொல்லிவிடலாம்.

இன்றைக்கு மதியம் பழைய ஆய்வுகூடத்தில் மறைப்புக்கட்டி மூன்று கட்டில் போட்டிருக்கிறோம். எங்கள் வகுப்பு மருத்துவர்களும் ஓய்வுபெற்ற தாதியரும் அங்கே இருப்பார்கள். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள், காவலாளி ஐயாவுக்கும் சொல்லியாயிற்று. பெயர் எழுதத் தேவையில்லை. வாசலில் துண்டு கொடுப்பது எங்கள் இரண்டாவது தோழி. அவளிடம் கேட்கக் கூச்சப்படவேண்டாம், எதைக் கேட்டாலும் சொல்லுவாள். கூழ் பன்னிரண்டரைக்கு. முதலில் ஆய்வுகூடம், பிறகு கூழ் என்ற ஒழுங்கில் வந்தால் வரிசை நீளாது.